செவ்வாய்க்கிழமை பாதை திறந்திருந்தது

“சாகிறதுக்கும் படிச்ச ஆள் வேணுமோ? செபம் சொல்லத் தெரிஞ்ச ஒருத்தி காணாதோ?”

தலைமன்னாரில் ஒரு வீட்டு வாசற் படலையில் வைத்து லூர்தம்மா என்னிடம் இதைக் கேட்டார். மூன்று சென்றிகளில் ஆமிக்காரரிடம் பையைத் திறந்து காட்டிவிட்டு, பஸ்ஸால் இறங்கி, மணலில் அரை மைல் நடந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தேன். பையில் மோர்பின் பாணிப் போத்தலும், அதை நான் கொண்டுபோகலாம் என்ற டொக்டரின் கடிதமும் இருந்தன. லூர்தம்மாவின் தம்பி செபமாலையின் மனைவி பிலோமினாவுக்குத்தான் அந்த மருந்து. மனதுக்குள் மட்டும், ஓம், வேணும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

எனக்குப் பிறகு வீடு வீடாகப் போகிற தங்கைமாரே, உங்கள் மூன்று பேரிடமும் அந்தப் பையை ஒப்படைத்த அன்று மருந்தளவுகளைச் சொன்னேன். பதிவுப் புத்தகத்தைக் காட்டினேன். எந்தச் சென்றியில் கடிதத்தை முதலே நீட்ட வேண்டும், எதில் கேட்ட பிறகு நீட்ட வேண்டும் என்பதுகூடச் சொன்னேன். பிலோமினாவைப் பற்றிச் சொல்லவில்லை. உங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்து நறுவிலிக்குளத்தில் மற்றவர்களின் வயலில் கூலி வேலை செய்தவர்கள். இரண்டு பேரும் இன்றைக்கும் பெருவிரலைத்தான் வைப்பார்கள். எங்கள் வீட்டில் முதலில் பேனை பிடித்துக் கையெழுத்து வைத்தவள் நான். அதில் எனக்குப் பெருமை இருந்தது, இன்னும் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஏனென்றால் பிழை அந்தப் பெருமைக்குப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

பள்ளிக்கூடம் முடித்து, தலைமன்னார் இருக்கிற தீவில் கன்னியர் நடத்திய அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தேன். பத்துக் கட்டில். ஊரில் அதைக் ‘கட்டில் மடம்’ என்பார்கள். அங்கே வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டிருப்பார்கள். அவர்களும் அழுது முடித்து, சரி என்று ஒப்புக்கொண்டு வந்திருப்பார்கள். பிறகு ஊசி இல்லை, சேலைன் இல்லை, பிரயாணம் இல்லை. கழுவித் துடைப்போம், நோவைக் குறைப்போம், பக்கத்தில் இருப்போம்.

அந்த இல்லத்தை நான் வேதம்போல் நம்பியதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்பு ஆட்கள் எப்படிச் செத்தார்கள் என்று நான் பார்த்திருந்தேன். ஒரு முதியவரை மகன்மார் கொழும்புக்குக் கொண்டுபோகும் வழியில், சோதனைக்காக எல்லோரையும் இறக்கி நிறுத்திய இடத்தில், வெயிலில், சாக்கு விரித்த தரையில் உயிர் போனது. அவரை யாரும் ஏமாற்றவில்லை, அன்பாகத்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். இழுக்காமல் விடுவதுதான் இரக்கம் என்று இல்லத்தில் படித்தேன். சான்றிதழும் வாங்கினேன்.

பத்துக் கட்டில் போதாமல் போனது. பாதைக் கஷ்டத்தால் பலருக்கு வந்து சேரவும் முடியவில்லை. அதனால் கன்னியர் வீட்டுக்கு வீடு போய்ப் பார்க்கும் வேலையைத் தொடங்கி, என்னை அனுப்பினார்கள். நோத்தணிப்புப் பராமரிப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நான் பெயரைக் கவனிக்கவில்லை. கட்டில் மடத்தையே பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்தேன்.

பிலோமினாவுக்கு நாற்பத்தாறு வயது. மார்பில் வந்த புற்றுநோயைக் கொழும்பில் வெட்டி எடுத்திருந்தார்கள். இரண்டு வருடம் நன்றாக இருந்து, பிறகு நோவு முதுகெலும்பில் வந்து இருந்துகொண்டது. முதல் நாளே என்னிடம் சொன்னார்:

“பிள்ளை, நான் எப்ப சாவன் எண்டு உன்னட்டைக் கேக்கமாட்டன். எனக்கு ஒண்டே ஒண்டுதான். சாகிற மட்டும் கக்கூசுக்கு என்ரை காலாலை போகவேணும். உந்தா நிக்கிறாவே, அவவின்ரை கையிலை விழக்கூடாது.”

வாசலில் நின்ற லூர்தம்மா விட்டுக்கொடுக்கவில்லை. “விழடி, விழு. விழுந்தால் தெரியும் ஆர் அள்ளிறது, ஆர் கழுவிறதெண்டு.”

“பாத்தியோ பிள்ளை? என்ரை மச்சாள் இப்பவே வாளியோடை நிக்கிறா.”

ஒரே முற்றத்தில் இருபது வருடம் கருவாடு காயப்போட்டுச் சண்டை பிடித்தவர்கள். கக்கூஸ் முற்றத்தின் கடைசித் தொங்கலில், பனைமட்டை வேலிக்கு அருகே இருந்தது. பிலோமினா ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, யாரையும் பிடிக்காமல் அதுவரை நடந்து போய் வருவார். லூர்தம்மா பார்க்காதவர்போல் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மூன்றாம் தரம் நான் போனபோது நோவு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பிலோமினா குந்தியிருந்து மீன் கீறிக்கொண்டிருந்தார். “உன்ரை பாணி வேலை செய்யுது” என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

நான்காம் தரம் போனது ஒரு வெள்ளிக்கிழமை. செபமாலை மேசையில் ஒரு கடதாசியை விரித்து, பறக்காமல் டோர்ச் லைற்றை அதன்மேல் வைத்திருந்தார். கொழும்புக்குப் பிரயாணப் பாஸ். கிளினிக்கில் பிலோமினாவின் முதுகெலும்புக்குக் கதிர்ச் சிகிச்சை வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு அரசாங்கக் கந்தோருக்கும் ஆமிக் காம்புக்கும் மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல், அலைந்து பாஸை எடுத்திருந்தார். வருகிற செவ்வாய்க்கிழமை பஸ். மனைவிக்கும் அவருக்கும் அனுமதி.

“என்ன செய்வம் பிள்ளை?” என்று கேட்டார். “நீங்கள் சொல்லுறதுதான்.”

நீங்கள் சொல்லுறதுதான். என் அப்பாவின் வயதுள்ள ஒரு மனிதர் என்னிடம் இதைச் சொன்னார்.

அன்று பிலோமினா ஒரு புதுச் சங்கதியும் சொன்னார். நோவு இப்போது முதுகில் நில்லாமல், நெஞ்சைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி வருகிறது என்று. அதைக் கேட்டு நான் டொக்டர் எழுதித் தந்த அளவுக்குள் மருந்தைக் கொஞ்சம் கூட்டினேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. என் கண்ணுக்கு முன் அந்த முதியவரும் சாக்கும் வெயிலும்தான் நின்றன.

“வேண்டாமக்கா,” என்று பிலோமினாவைப் பார்த்துச் சொன்னேன். “உந்த றோட்டாலை கொண்டுபோய் உங்களை அலைக்கழிக்கிறதிலை பிரயோசனம் இல்லை. நோவை நான் இஞ்சையே பாத்துக்கொள்ளுறன்.”

“கதிர் வைச்சாச் சுகம் வராதோ?”

“இந்த வருத்தத்துக்கு இனிச் சுகம் வராதக்கா.”

“அப்ப ஏன் எழுதித் தந்தவை?”

“அவை எழுதிறதை எழுதுவினம்.”

இந்தக் கடைசி வசனத்தை நான் சொன்ன குரல்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லாம் தெரிந்தவளின் குரல். சுகம் வருமா என்று அவர் கேட்டார், வராது என்றேன், அது உண்மை. கதிர் வைத்தால் நான் நடப்பேனா என்று அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. அவர் சார்பில் அதைக் கேட்டிருக்க வேண்டியவள் நான். எனக்கும் தெரியவில்லை, தெரியாது என்பதும் தெரியவில்லை.

செபமாலை பாஸை மடித்து அலுமாரியில் வைத்தார். அவருடைய முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது. கொழும்பில் தமிழன் என்று தன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவருக்கு உள்ளூரப் பயம்.

பிரயோசனம் இல்லை என்ற என் சொல் அந்த வீட்டில் வேறொரு வேலையும் செய்தது. அதைக் கேட்டிருந்த லூர்தம்மா மறுநாளே பங்குச் சுவாமியாரைக் கூட்டிவந்து பிலோமினாவுக்கு அவஸ்தை பூசுவித்தார். நோயாளிக்குத் தைரியம் தருகிற பூசுதல் அது. ஆனால் கரையோரக் குடும்பங்களில் அதைக் கடைசி அடையாளமாகவே எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு உடம்பில் என்ன நடந்தாலும் அது சாவின் வேலை. யாரிடமும் போய்ச் சொல்லத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ் போனது. வியாழக்கிழமை பெருநிலத்தில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. தீவுக்குள்ளும் யாரையும் நகர விடவில்லை. வெள்ளிக்கிழமை என்னால் தலைமன்னாருக்குப் போக முடியவில்லை.

சனிக்கிழமை காலை கக்கூசுக்குப் போய்த் திரும்பிய பிலோமினா, ஒரு காலில் செருப்பு இல்லாததைக் குனிந்து பார்த்துத்தான் கண்டிருக்கிறார். எங்கே கழன்றது என்று காலுக்குத் தெரியவில்லை. லூர்தம்மாவிடம் சொன்னபோது, “உயிர் காலிலை இருந்துதான் இறங்கும்” என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிவிட்டு அவர் மணிகளை உருட்டிச் செபம் சொல்லத் தொடங்கினார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். எதைக் கண்டால் உடனே ஆள் அனுப்ப வேண்டும் என்று நான் அந்த வீட்டில் ஒரு சொல்லும் சொல்லி வைக்கவில்லை.

தீவுக்குள் தடை நீங்கி, திங்கட்கிழமை நான் போனபோது பிலோமினா நனைந்த பாயில் கிடந்தார்.

“காலைக் காணேல்லை பிள்ளை,” என்றார். “கிடக்கு. ஆனாக் காணேல்லை.”

ஒரு வாகனம் பிடித்துத் தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் காலை ஊசியால் தொட்டுப் பார்த்து, கிளினிக் துண்டைப் படித்து, என்னை வெளியே கூப்பிட்டார்.

“நெஞ்சைச் சுத்தி இறுக்கிறமாதிரி நோகுதெண்டு எப்பவாவது சொன்னவவோ?”

“ஓம் டொக்டர். போன வெள்ளிக்கு முதல் வெள்ளி.”

“பாஸ் எத்தினையாம் நாளுக்கு?”

“செவ்வாய்க்கு.”

“போயிருந்தா அனேகமா நடந்துகொண்டு இருந்திருப்பா,” என்றார். “கட்டி நரம்பை நெரிக்குது. அதைச் சுருக்கத்தான் கதிர். இப்ப பாதையும் இல்லை, நேரமும் போட்டுது. ஆர் சொன்னது போகவேண்டாமெண்டு?”

“நான்தான்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

வெளியே மர வாங்கில் செபமாலை குந்தியிருந்தார். டொக்டர் என்ன சொன்னார் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைத்தான் ஆறுதல்படுத்தினார்.

“என்ன செய்யிறது பிள்ளை. பாஸ் இருந்தும் என்ன, றோட்டுப் பூட்டித்தானே.”

“ஓம்,” என்றேன்.

அந்த ஒரு சொல்லைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். செவ்வாய்க்கிழமை பாதை திறந்திருந்தது. எனக்குத் தெரியும். ஆனால் சண்டை நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. எந்தப் பிழையையும் அதன் தலையில் கொண்டுபோய் வைக்கலாம். அது மறுக்காது, யாரும் சரிபார்க்கமாட்டார்கள். மருந்து பிந்தினால் பாதை. ஆள் வராவிட்டால் சென்றி. அதில் பெரும்பகுதி உண்மையாகவே இருப்பதால் நம்முடைய பங்கு அதற்குள் சத்தமில்லாமல் மறைந்துபோகும். அன்று பின்னேரம் பதிவுப் புத்தகத்தில், பிலோமினா சிகிச்சைக்குப் போகாத காரணம் என்ற இடத்தில், அழகான கையெழுத்தில் எழுதினேன்: ‘பாதை மூடப்பட்டதால்.’

எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுதப் படித்தவள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பொய்யை எழுதி வைத்தவளும் நான்.

பிலோமினா வீட்டுக்குத் திரும்பி வந்தார். கிழமைக்கு மூன்று தரம் போனேன். அவரைத் தூக்கிப் புரட்டிக் கழுவுவதை நானே செய்தேன். லூர்தம்மாவைக் கிட்ட விடவில்லை. பிலோமினாவின் ஆசையில் அந்தப் பாதியையாவது காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புண் வரவில்லை, நோவும் கட்டுக்குள் இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். படலையில் என்னிடம் கேள்வி கேட்ட லூர்தம்மாகூட ஒருநாள் பிளேன்ரீயோடு பனங்கட்டியும் கொண்டுவந்து தந்தார்.

நாலாம் கிழமை ஒருநாள் காலை. பிலோமினாவின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

“பிள்ளை, செவ்வாய்க்கிழமை றோட்டுத் திறந்துதானே இருந்தது?”

கையை எடுக்கவும் முடியாது, முகத்தைத் திருப்பவும் முடியாது.

“பஸ் கோன் அடிச்சுக்கொண்டு போனது எனக்குக் கேட்டது,” என்றார். “இவையள் எல்லாரும் றோட்டு, றோட்டு எண்டீனம். நீயும் பேசாமல் நிக்கிறாய்.”

“திறந்திருந்ததக்கா,” என்றேன். “நான்தான் போகவேண்டாமெண்டனான். அது பிழை. போயிருந்தா நீங்கள் அனேகமா நடந்திருப்பீங்கள்.”

அவரை மெதுவாகப் படுக்க வைத்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு சொன்னார்:

“இனி நீ என்னைத் தூக்காதை. மருந்தை மட்டும் தா. மச்சாளைக் கூப்பிடு.”

லூர்தம்மா வந்தார். விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னடி, பிள்ளைக்கு என்ன?”

“அவவின்ரை கை குளிருது,” என்றார் பிலோமினா.

“பேனை பிடிக்கிற கை அப்பிடித்தான் இருக்கும். தள்ளு பிள்ளை.” லூர்தம்மா சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தார். “எங்கை, கழுத்தைப் பிடி. இருபது வருஷம் கழுத்தைப் பிடிக்கத்தானே பாத்தனி.”

பிலோமினா சிரிக்கவில்லை. ஆனால் பிடித்தார். எந்தக் கையில் விழமாட்டேன் என்று சொன்னாரோ அந்தக் கையை, என் கையை விட நல்லது என்று தெரிந்தெடுத்தார். என்னை அவர் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. இன்னும் ஏழு கிழமை இருந்தார். நான் போவேன், மருந்தை அளந்து கொடுப்பேன், வாசலில் நின்று லூர்தம்மா அவரைத் தூக்குவதைப் பார்ப்பேன், வருவேன். நோவில்லாமல் செத்தார். அதைமட்டும் என்னால் சொல்ல முடியும்.

பிலோமினா தன்னைத் தூக்காதே என்று சொன்ன அன்றே, செபமாலையைக் கடற்கரையில் கண்டு உண்மையைச் சொன்னேன். அவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. திரும்பிப் போய் பதிவுப் புத்தகத்தில் அந்த வரியைக் குறுக்கே வெட்டி, ‘நான் தடுத்ததால்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்து, பொறுப்பான சிஸ்டரிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“இப்பிடி இன்னும் எத்தினை வீட்டிலை சொல்லிப்போட்டு வந்திருக்கிறீர்?”

இரண்டு வீடு. வங்காலையில் இடுப்பெலும்பு நோவோடு இருந்த ஒருவரிடம் ஓடினேன். பாதை திறந்ததும் அவர் போய்க் கதிர் வைத்துக்கொண்டு வந்தார். தடி ஊன்றியாவது கடைசிவரை முற்றத்தில் நடந்தார். மற்றவர் ஒரு வயதான பெண். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகும், “நான் போகேல்லை, என்னை விடுங்கோ” என்றார். விட்டோம். அதுவும் சரிதான். இரண்டு பேரும் தங்களுக்கு என்ன கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்துகொண்டுதான் சொன்னார்கள்.

கட்டில் மடத்துக்கு வருகிறவர், சிகிச்சை போதும் என்ற முடிவை வாசலுக்கு வெளியே எடுத்துவிட்டு வருகிறார். நாம் போகும் வீட்டில் அந்த முடிவை இன்னும் யாரும் எடுத்திருக்கமாட்டார்கள். ஒருவேளை ஒரு வருடத்துக்கும் எடுக்கமாட்டார்கள். அங்கே நோவைத் தணிப்பதும் சிகிச்சைக்கு அனுப்புவதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. சுகம் தராத ஒரு சிகிச்சை, ஒருவரைக் கக்கூஸ்வரை தன் காலால் நடக்க வைக்குமானால், அதுவும் நம்முடைய வேலைதான். ஆகவே பையைத் திறக்கும் முன், இந்த மனிதர் எதை இழக்கக்கூடாது என்று நினைக்கிறார் என்று கேளுங்கள். பிறகு கையில் உள்ள ஒவ்வொரு துண்டையும் அந்தக் கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள். விளங்காவிட்டால் டொக்டரிடம் போய் நில்லுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை படுத்திருப்பவருக்கு உண்டு, நமக்கு இல்லை. பாதை பூட்டியிருந்தால் பூட்டியிருந்தது என்று எழுதுங்கள். திறந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

நான் ஏன் உங்களை விட்டுப் போனேன் என்று நீங்கள் கேட்டீர்களாம். பிலோமினாவை எங்கே போகவேண்டாம் என்று தடுத்தேனோ, அந்த இடத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பிரயோசனம் இல்லை என்று எதைச் சொன்னேனோ, அதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியாது. அதனால் தெற்கில் கதிர் வைக்கும் ஒரு வார்டில் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். “புடிச்சு வச்சுட்டாங்கன்னா நாங்க எங்கம்மா வந்து தேடுறது?” என்று அப்பா அழுதார். பெட்டியையும் அவர்தான் பஸ்வரை தூக்கி வந்தார்.

போன திங்கட்கிழமை இங்கே சேர்ந்துவிட்டேன். சிங்களம் பாதிதான் விளங்குகிறது. நேற்று வேலை முடிந்து இயந்திரத்தை நிறுத்திய பிறகு, அதன் மேசையில் ஒருதரம் படுத்துப் பார்க்கட்டுமா என்று அங்குள்ள தாதியிடம் கையாலும் வாயாலும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு ஏறச் சொன்னார். முதுகுக்கு வைப்பதுபோல் என்னைக் குப்புறக் கிடத்தி, கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார். குளிர்ந்த மேசை, ஒரு சத்தமும் இல்லை. கதவு மறுபடி திறந்தபோது ஏதோ மறந்துபோய்த் திரும்பி வருகிறார் என்று நினைத்தேன்.

முடிந்துவிட்டது, எழும்பு என்றார். ஒருவருக்குக் கதிர் வைக்க இவ்வளவு நேரம்தானாம்.